கழகம் கலகமாகும் இடம்

‘கழகம்’ என்று தமிழில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அதையே நூலக முறைப்படி ரோமன் எழுத்தில் எழுதும்போதுதான், நடுவில் வருகிற எல்லின் காலடியில் ஒரு சின்னக் கோடு போட வேண்டியிருக்கிறது. கோடு இருந்தால் கழகம், இல்லாவிட்டால் கலகம். சிங்கப்பூரில் பெயரிலேயே ‘கழகம்’ வைத்திருக்கும் தமிழ் அமைப்புகள் பல. அவற்றின் ஆண்டு மலர்களைப் பட்டியலிடுகிறவருக்கு அந்தக் கோடு வெறும் அலங்காரம் இல்லை.

தேக்கா சந்தைக்குப் போனால் வாழையும் கிடைக்கும், வாளையும் கிடைக்கும். ரோமன் எழுத்தில் ஒன்றுக்கு அடியில் கோடு, மற்றதற்கு அடியில் புள்ளி. இரண்டையும் உதிர்த்துவிட்டால் பழக்கடையும் மீன்கடையும் ஒன்றாகி எல்லாமே ‘வாலை’ ஆகிவிடும். இந்தப் பதிவில் முதலாவதை அடிக்கோட்டு எல் என்றும், இரண்டாவதை அடிப்புள்ளி எல் என்றும் சொல்கிறேன். பேச்சு பெரும்பாலும் முதலாவதைப் பற்றித்தான். அதே கோட்டைச் சுமக்கும் ஆர் (ற), என் (ன), கே (ஃ) மூன்றும் அதன் உடன்பிறப்புகள். அதற்கு நடப்பதெல்லாம் இவற்றுக்கும் நடக்கும்.

அன்றாடப் புழக்கத்தில் யாரும் இந்த எழுத்தைத் தொடுவதில்லை. யாழினி, எழிலன் என்று பெயர் வைத்திருப்பவர்கள் ழகரத்துக்கு இசட்டும் எச்சும் சேர்த்து எழுதுவார்கள், அல்லது வெறும் எல்லோடு விட்டுவிடுவார்கள். அதில் தவறும் இல்லை. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் ஏ முதல் இசட் வரையான பெரிய எழுத்துகள், பத்து இலக்கங்கள், இடம் நிரப்பும் ஒரு கோணக்குறி தவிர வேறெதுவும் நுழைய முடியாது; அது அனைத்துலக விதி. ஆகவே பெயர்ப் படிவங்களில் இந்த எழுத்தைத் திணித்து வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். இதற்கு வேலை இருப்பது நூலகப் பட்டியல், ஆய்வேட்டின் மேற்கோள் வரிசை, அகராதி, கல்வெட்டுப் பதிப்பு போன்ற இடங்களில். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ழகரத்துக்கு அடிக்கோட்டு எல்லைத்தான் போட்டது. அமெரிக்க நூலகங்களின் ரோமன் அட்டவணையும், 2001இல் வந்த ஐஎஸ்ஓ 15919 தரமும் அதே வழியில் போகின்றன.

கோடு எந்த எழுத்துகளுக்குப் போனது என்று பாருங்கள்: ற, ன, ழ. தமிழுக்கே உரிய சிறப்பெழுத்துகள் என்று இலக்கணம் சொல்லும் அதே மூன்று மெய்கள். வடமொழிக்கும் பொதுவான ட, ண, ள மூன்றுக்கும் அடிப்புள்ளி. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சிக்கலில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினிக்காக எண் கொடுக்கும் யூனிகோடில் அடிக்கோட்டு எல்லுக்குத் தனி எண் உண்டு: 7739. அதன் பெரிய எழுத்து 7738. பதினாறை அடியாகக் கொண்ட பதினறும முறையில் (ஒன்பதுக்கு மேல் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளே இலக்கங்கள்) சிறிய எழுத்தின் எண் 1, ஈ, 3, பி என்று வரும். நான் கூடிய மட்டும் பதின்ம எண்ணிலேயே சொல்கிறேன். யூனிகோடின் 1.1 பதிப்பிலேயே, அதாவது 1993லேயே, இது வந்துவிட்டது. அடிப்புள்ளி எல் 7735, அடிக்கோட்டு என் 7753, அடிக்கோட்டு ஆர் 7775, அடிக்கோட்டு கே 7733. பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் இவற்றுக்கு ஓர் எண் முன்னால். தமிழில் ழ, ற, ன எதுவும் சொல்லுக்கு முதலில் வராது என்பதால், தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போடும்போது மட்டும்தான் அந்தப் பெரிய எழுத்துகளுக்கு வேலை. (வேடிக்கை ஒன்று: யூனிகோடு பட்டியலில் நம் தமிழ் ழகரத்தின் அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பெயரில் எல் மூன்று முறை அடுக்கி வருகிறது. ளகரத்துக்கு இரண்டு முறை. பெயர் வைத்தவருக்கு நாக்கு சுளுக்கியிருக்கும்.)

7739 என்ற எண் கோப்பில் அப்படியே உட்காராது. யூடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட்டுகளாகப் பிரியும். கணக்கு எளிது: 7739இல் ஒரு 4096 போக மீதி 3643. அதில் 64 ஐம்பத்தாறு முறை போக மீதி 59. முதல் பைட்டுக்கு 224ஐயும் அடுத்த இரண்டுக்கும் 128ஐயும் கூட்டுங்கள்: 225, 184, 187. இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்து வைத்தால், பிழை எங்கே நடந்தது என்று கோப்பைத் திறந்தவுடனே பிடித்துவிடலாம்.

இதுவரை சொன்னது நேர் வழி. இதே எழுத்தை எழுத இன்னொரு முறையான வழியும் உண்டு. வெறும் எல் (108), அதன் பின்னால் ஒட்டுக்குறி ஒன்று (817). இந்த 817 தனியாக நிற்காது. முன்னால் இருக்கும் எழுத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் சிறு கோடு. திரையில் பார்த்தால் 7739க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. பைட்டு எண்ணிக்கையிலும் பிடிபடாது: 108, 204, 177. இதுவும் மூன்றுதான். ஆனால் கணினிக்கு ஒன்று ஓர் எழுத்து, மற்றது இரண்டு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது.

இதற்கு யூனிகோடே மருந்தும் வைத்திருக்கிறது. இயல்பாக்கம் என்பார்கள். சேர்த்து இயல்பாக்கும் வடிவத்துக்கு என்எஃப்சி என்றும், பிரித்து இயல்பாக்கும் வடிவத்துக்கு என்எஃப்டி என்றும் பெயர். 108ம் 817ம் அடுத்தடுத்து வந்தால் என்எஃப்சி அதை 7739 ஆக்கும். என்எஃப்டி அதை மறுபடி உடைக்கும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா எல்லாவற்றிலும் இதற்கு ஒற்றை வரிக் கட்டளை இருக்கிறது. இணையத்துக்கு என்எஃப்சிதான் வழக்கம். ரோமன் எழுத்தில் தமிழை எழுதத் தேவையான எழுத்துகள் அத்தனைக்கும் ஒற்றை எண் இருப்பது நம் அதிர்ஷ்டம். வடமொழியின் ‘கிருஷ்ண’ என்ற சொல்லில் வரும் ருகர உயிரை ஐஎஸ்ஓ முறையில் எழுத அடியில் வளையம் போட்ட ஆர் வேண்டும். அதற்கு ஒற்றை எண் கிடையாது, இனிமேல் தரப்போவதும் இல்லை.

‘என்எஃப்சி ஓட்டிவிட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது’ என்று பலர் நிறுத்திவிடுவது இங்கேதான். நிறுத்தக் கூடாது.

817க்கு அடுத்த வீட்டில் 818 இருக்கிறது. அதுவும் அடியில் போடும் கோடுதான், ஆனால் வேறு குறி. 817 எழுத்தின் அகலத்துக்குள் அடங்கும் குட்டைக் கோடு. 818 இருபுறமும் நீண்டு பக்கத்துக் கோட்டோடு கை கோக்கும் அடிக்கோடு. குழப்பத்துக்கு யூனிகோடும் ஒரு காரணம்: 7739இன் ஆங்கிலப் பெயரில் ‘கீழே கோடு’ என்று இருக்கிறது. 818இன் பெயரிலும் ‘கோடு’ என்ற அதே சொல். ஆனால் 7739ஐ உடைத்தால் வருவது 817. பெயரைப் பார்த்து 818ஐ எடுத்துப் போடுகிறவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லோடு 818ஐச் சேர்த்து எழுதினால் பைட்டுகள் 108, 204, 178. என்எஃப்சியை எத்தனை முறை ஓட்டினாலும் அது 7739 ஆகாது. யூனிகோடின் பார்வையில் அவை இரண்டும் வேறு வேறு எழுத்து, அவ்வளவுதான்.

இந்த 818 எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நூலகப் பதிவுகளிலிருந்து. யூனிகோடுக்கு முன்னால் நூலகங்கள் மார்க்-8 என்ற குறிமுறையில் பதிவுகளை வைத்திருந்தன. அதில் அடிக்கோட்டுக்கு 246, அடிப்புள்ளிக்கு 242, நெடில் கோட்டுக்கு 229. தட்டச்சுக்காரர் எல்லை அடித்து, பின்னுக்குத் தள்ளி, அடிக்கோடு போடுவாரே, அந்த அடிக்கோடு என்று 246ஐ நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றும் அதிகாரப்பூர்வ அட்டவணை 242ஐ 803 ஆக்குகிறது, 229ஐ 772 ஆக்குகிறது, 246ஐ 818 ஆக்குகிறது. முதல் இரண்டும் என்எஃப்சியில் அழகாகச் சேர்ந்துவிடும்: எல்லும் 803ம் சேர்ந்து 7735, ஏயும் 772ம் சேர்ந்து 257. மூன்றாவது மட்டும் சேராது.

ஆக, ஒரே பதிவில் ளகரம் ஒற்றை எழுத்தாகவும் ழகரம் இரட்டை எழுத்தாகவும் நிற்கும். ‘வாளை’ என்று தேடினால் கிடைக்கும், ‘வாழை’ என்று தேடினால் கிடைக்காது. ட, ண, ள தப்பித்துக்கொள்ள, நம் சிறப்பெழுத்துகள் மூன்றும் மாட்டிக்கொள்கின்றன. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து ஆய்வேட்டுக்கு மேற்கோள் பட்டியல் தயாரிக்கிற மாணவர், நாலு நாட்டு நூலகப் பதிவுகளை ஒரே கோப்பில் ஒட்டினால் இந்தக் கலவை உறுதியாக வரும். ஒரே நூல் இரண்டு முறை பட்டியலில் நிற்கும். இரட்டிப்பை நீக்கும் கருவி இரண்டும் வேறு நூல் என்று சாதிக்கும்.

மார்க்-8இல் இன்னொரு திருப்பமும் உண்டு. அதில் குறி முன்னால், எழுத்து பின்னால். யூனிகோடில் எழுத்து முன்னால், குறி பின்னால். மாற்றும் நிரல் இந்த வரிசையைத் திருப்ப மறந்தால், கழகத்தின் கோடு எல்லை விட்டுவிட்டு முந்தைய ஏயின் அடியில் போய் உட்காரும். ஏயின் அடியில் கோடு தெரிந்தால் வேறெதையும் தேட வேண்டாம், காரணம் இதுதான்.

சரிசெய்யும் முறை: முதலில் எல், ஆர், என், கே ஆகிய நான்கு எழுத்துகளுக்கும் அவற்றின் பெரிய எழுத்துகளுக்கும் பின்னால் வரும் 818ஐ மட்டும் 817 ஆக்குங்கள். கோப்பில் இருக்கும் எல்லா 818ஐயும் மாற்றிவிடாதீர்கள். வேறு இடத்தில் யாராவது உண்மையாகவே அடிக்கோட்டுக்காகப் போட்டிருக்கலாம். பிறகு என்எஃப்சி. அதன் பிறகு 772, 803, 817, 818 நான்கும் எங்காவது மிச்சம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ரோமன் தமிழுக்கு விடை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மிஞ்சிய இடங்களைக் கண்ணால் பாருங்கள். பெரும்பாலும் முன்னே சொன்ன வரிசைப் பிழையாகவே இருக்கும். வரிசை முக்கியம்: என்எஃப்சியை முதலில் ஓட்டிவிட்டு 818ஐ மாற்றினால் மறுபடி ஒரு முறை என்எஃப்சி ஓட்ட வேண்டிவரும், அதை எல்லாரும் மறப்பார்கள்.

எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணாலேயே 818ஐப் பிடிக்க ஒரு வழி: ‘மன்னன்’ என்ற சொல்லைப் பாருங்கள். நடுவில் இரண்டு என் சேர்ந்து வரும். அடியில் இரண்டு தனித்தனிக் கோடு தெரிந்தால் 817 குடும்பம். ஒரே நீளக் கோடாக ஓடினால் 818. நல்ல எழுத்துருவில் இது பளிச்சென்று தெரியும்.

மூன்றாவதாக ஒரு போலி இருக்கிறது. அது குறிமுறையே இல்லை. வேர்டில் வெறும் எல்லைத் தேர்ந்தெடுத்து அடிக்கோடு பொத்தானை அழுத்துவது. அச்சில் கச்சிதமாக இருக்கும். வெறும் உரையாக ஒட்டிய மறு நொடி கோடு காணாமல் போகும், கழகம் கலகமாகும். இப்படி வந்த ஆவணத்தை ஒட்டுவதற்கு முன்னால், வேர்டின் தேடு-மாற்று வசதியில் ‘அடிக்கோடிட்ட எல்’ என்று வடிவத்தோடு தேடி, அடிக்கோடு இல்லாத 7739ஆக மாற்றிக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு செய்ய எதுவும் இல்லை.

அடிக்கோடு என்றதும் இணையப் பக்கங்களின் தொல்லை ஒன்று. நூல் தலைப்பை இணைப்பாக்கினால் உலாவி அதன் அடியில் கோடு போடும். நம் எழுத்தின் கோடு அதற்குள் கரைந்துபோகும். ரோமன் தமிழ் தலைப்புகள் வரும் பட்டியலில் இணைப்பை நிறத்தால் காட்டுங்கள், அல்லது அடிக்கோட்டை இன்னும் கீழே தள்ளி வையுங்கள். இதைச் சொன்னால் வடிவமைப்பாளர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

இனி, பைட்டு அளவில் நடக்கும் விபத்துகள். யூடிஎஃப்-8 கோப்பை ஒரு நிரல் விண்டோஸ்-1252 (ஓர் எழுத்துக்கு ஒரே பைட்டு கொடுக்கும் பழைய குறிமுறை) என்று நினைத்துத் திறந்தால் 225, 184, 187 மூன்றும் மூன்று தனி எழுத்தாகிவிடும்: தலையில் சாய்கோடு போட்ட ஏ, ஒரு குட்டி வால்குறி, வலப்பக்கம் பார்க்கும் இரட்டைக் கோணம். இந்த மூவரைச் சேர்ந்தாற்போலப் பார்த்தால் அங்கே அடிக்கோட்டு எல் இருந்தது என்று பொருள். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது மீட்கக்கூடிய விபத்து: உரையை 1252 ஆகக் குறிமாற்றி, வந்த பைட்டுகளை யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் பழையபடி வந்துவிடும்.

ஆனால் எல்லா எழுத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. டகரத்துக்கான அடிப்புள்ளி டீ 7789. பைட்டுகள் 225, 185, 173. 1252இல் 173 என்பது மென் இணைப்புக்குறி, கண்ணுக்கே தெரியாது. இடையில் யாராவது உரையைச் ‘சுத்தம்’ செய்தால் அது நீங்கிவிடும், பிறகு மீட்க வழியில்லை. நெடில் ஆ 196, 129. நெடில் ஓ 197, 141. 1252 அட்டவணையில் 129, 141 இரண்டும் காலி இடங்கள். கண்டிப்பான நிரல்கள் அங்கே நின்றுவிடும் அல்லது மாற்றுக்குறி ஒன்றைப் போட்டுவிட்டு நகரும். அதனால்தான் ஒரே வரியில் ழகரம் மீண்டு, பக்கத்தில் இருக்கும் ஆகாரம் மீளாமல் போகிறது.

இந்த விபத்தை அதிகம் செய்வது எக்செல். கமாவால் பிரித்த சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டு அடையாளம் இல்லாதபோது அது கணினியின் உள்ளூர்க் குறிமுறையை எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸ் என்றால் அது 1252. இரட்டைச் சொடுக்கு வேண்டாம். தரவு மெனுவில் உரைக் கோப்பை இறக்கும் வழியாகப் போய் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். சேமிக்கும்போதும் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று பெயர் போட்ட வகையையே எடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் அடிக்கோட்டு எல் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறிக்கு நினைவாற்றல் கிடையாது; அது ழகரமா, றகரமா, னகரமா என்று எந்த நிரலாலும் திரும்பச் சொல்ல முடியாது.

1990களின் கோப்புகள் இன்னொரு உலகம். சிங்கப்பூரில் 1997இல் கணித்தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு நடந்த காலத்தில், தமிழ் எழுத்துருவானாலும் ரோமன் ஒலிபெயர்ப்பு எழுத்துருவானாலும் 256 அறைகளுக்குள் குடியிருந்தன. அடிக்கோட்டு எல் எந்த அறையில் என்பது அந்தந்த எழுத்துருவைச் செய்தவரின் விருப்பம். அப்படிப்பட்ட கோப்பைத் திறக்கும்போது முதல் வேலை, எந்த எழுத்துரு என்ற பெயரை எழுதி வைப்பது. எழுத்துருவை மாற்றிச் சேமித்துவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.

எழுத்துருவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. நெடில் ஆ, ஈ, ஊ, ஏ, ஓ ஐந்தும் சிங்கப்பூரில் எந்தக் கணினியிலும் எந்தச் சுவரொட்டியிலும் சிரமமில்லாமல் வரும். காரணம் நாம் இல்லை, சீனப் பின்யின். அதன் முதல் தொனிக்கும் அதே தலைக்கோடுதான், அதனால் அந்த எழுத்துகள் எங்கும் இருக்கின்றன. அண்டை வீட்டுத் தயவு அங்கேயே முடிந்துவிடுகிறது. அடிக்கோட்டுக்கு யாருடைய தயவும் இல்லை. 7739 இருப்பது 7680 முதல் 7935 வரையான பகுதியில். அதே பகுதியின் பிற்பாதியில் வியட்நாமிய எழுத்துகள் இருக்கின்றன. வியட்நாமியம் வரும் எழுத்துருவில் இதுவும் வரும் என்று நம்பிவிடாதீர்கள். பல எழுத்துருக்கள் அந்தப் பாதியை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடும். அப்போது கணினி வேறு எழுத்துருவிலிருந்து ஓர் எழுத்தை மட்டும் இரவல் வாங்கும். சொல்லின் நடுவே ஓர் எல் மட்டும் தடித்தோ மெலிந்தோ நிற்கும். ஜென்டியம், சாரிஸ், நோட்டோ மூன்றும் இலவசம், மூன்றிலும் இந்த எழுத்துகள் முழுமையாக இருக்கின்றன. அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்புமுன் எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்துவிடுங்கள்.

தட்டச்சு செய்வது எப்படி? விண்டோஸில் வேர்டு என்றால் 1, ஈ, 3, பி என்று அடித்துவிட்டு ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்துங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது, அதுவும் கழகத்திலேயே. கே, ஏ அடித்துவிட்டு உடனே எண்ணை அடித்தால், ஏயும் ஒரு பதினறும இலக்கம் என்பதால் வேர்டு அதையும் சேர்த்து ஓர் எண்ணாகப் படித்துவிடும். வருவது வெறும் கட்டம். எண்ணுக்கு முன்னால் யூவும் கூட்டல் குறியும் போட்டால் அங்கிருந்துதான் எண் தொடங்குகிறது என்று அதற்குப் புரியும். எக்செலில் யூனிகேர் என்ற சார்புக்கு 7739 என்று கொடுத்தால் போதும். இணையப் பக்கத்தின் மூலத்தில் ஆம்பர்சண்ட், ஹாஷ், 7739, அரைப்புள்ளி. லினக்ஸில் பல இடங்களில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தி, பதினறும எண்ணை அடித்து என்டர்.

மேக்கில் ஏபிசி எக்ஸ்டெண்டெட் என்ற விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்ஷனோடு ஏ தலைக்கோடு, ஆப்ஷனோடு எக்ஸ் அடிப்புள்ளி. விசைப்பலகைப் படத்தைத் திறந்து ஆப்ஷனை அழுத்திப் பிடித்தால், அடுத்த எழுத்தோடு சேரும் விசைகள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். அடிக்கோட்டை அங்கே பார்த்துப் பழகலாம்.

கைப்பேசியில் எல்லை அழுத்திப் பிடித்தால் நடுவில் குறுக்குக்கோடு வெட்டிய ஓர் எல் வரும். அது போலிஷ் எழுத்து, எண் 322. ஏதோ கோடு இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதை என்எஃப்டி கூட உடைக்காது. குறி நீக்கும் நிரலிலும் அப்படியே தங்கிவிடும். அமைப்புகளில் உரை மாற்றுச் சுருக்கம் ஒன்றை வைத்துக்கொண்டால், ஏதாவது மூன்றெழுத்து அடித்ததும் அடிக்கோட்டு எல் வந்துவிடும்.

கோப்புப் பெயர்களில் இந்த எழுத்தைப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களை உடைத்தே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கிறது. விண்டோஸும் லினக்ஸும் அப்படிப் பாவிப்பதில்லை. அங்கே ஒரே அடைவில் ஒரே பெயரோடு இரண்டு கோப்புகள் அக்கம்பக்கமாக நிற்கும். எது புதியது என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும்.

தரவுத்தளத்தில் மையெஸ்கியூஎல் 8.0இன் இயல்பு ஒப்பீட்டு விதி குறிகளைக் கண்டுகொள்வதில்லை. அதற்குக் கழகமும் கலகமும் ஒன்றே. தேடலுக்கு இது நல்லது. வாசகர் வெறும் எல் அடித்தாலும் கிடைத்துவிடும். ஆனால் அதே பத்தியைத் தனித்துவச் சாவியாக வைத்தால் இரண்டாவது சொல் நுழையும்போது ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று கதவைச் சாத்தும். சேமிக்கும் பத்திக்குக் குறியையும் பார்க்கும் விதி, தேடும் பத்திக்குக் குறியைப் பார்க்காத விதி என்று இரண்டு பத்தி வைப்பதுதான் நிம்மதி. இயல்பாக்காமல் விட்ட உரையில் பைத்தானின் வழக்கமான சொல் பிரிப்பான் கழகத்தை இரண்டு சொல்லாக வெட்டும்; ஒட்டுக்குறியை அது எழுத்தாகக் கருதுவதில்லை. இணைய முகவரி உருவாக்கும் நிரல்கள் வழக்கமாக என்எஃப்டி செய்து குறிகளை உதறிவிடும். அதற்கு முன்னால் 7739ஐ இசட்-எச்சாக மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தால், கழக நிகழ்ச்சிப் பக்கம் கலகத்துக்கு அழைப்பு விடுக்காது.

நிகழ்ச்சி அறிவிப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண ஆங்கிலச் செய்தியில் 160 எழுத்து இடம் உண்டு. நடுவில் ஒரே ஓர் அடிக்கோட்டு எல் வந்தாலும் முழுச் செய்தியும் வேறு குறிமுறைக்கு மாறி, இடம் 70 ஆகிவிடும். 150 எழுத்துச் செய்தி மூன்று செய்தியாகப் போகும், கட்டணமும் மூன்றாகும்.

புதிதாக ஒரு பட்டியல் மென்பொருள் கைக்கு வந்தால் ‘கழகம்’, ‘கலகம்’, ‘வாழை’, ‘வாளை’, ‘மன்னன்’ ஐந்தையும் ரோமன் எழுத்தில் உள்ளே அனுப்பி, வெளியே எடுத்து, எக்செலின் லென் சார்பால் எண்ணுங்கள். கழகம் 7, வாழை 5, மன்னன் 6 என்று வர வேண்டும். மன்னனுக்கு 9 வந்தால் எங்கோ உடைத்திருக்கிறார்கள். கழகத்துக்கு 8 வந்தால் நான்காவது இடத்தை மட்டும் தனியே எடுத்து, யூனிகோட் சார்புக்குக் கொடுத்து, வருவது 817ஆ 818ஆ என்று பாருங்கள்.